அவகாசமா, அனுமதியா?

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 13:1-9)



இன்றைய நற்செய்தியில் இரண்டு துயரச் செய்திகள் பேசப்படுகின்றன. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான். சிலோவாமில் கோபுரம் ஒன்று விழுந்து 18 பேர் இறந்தார்கள். முதலாவது கொலை, இரண்டாவது விபத்து. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளாக இருந்திருப்பார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். இயேசு அதை மறுக்கிறார். ஆனால் அதோடு விடவில்லை. மனம் மாறாவிட்டால் உங்களுக்கும் அழிவு உண்டு என்று எச்சரிக்கிறார். உடனே, காய்க்காத ஓர் அத்திமரத்தின் கதையைச் சொல்கிறார். கோபுரம் விழுந்ததைப் பற்றிப் பேசியவர் அத்திமரத்துக்கு ஏன் வந்தார்? நம் காலத்து விபத்து ஒன்றை முன்வைத்து இதைச் சிந்திப்போம்.

2018 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. சுவிட்சர்லாந்தின் தெற்கே உள்ள லொகார்னோவிலிருந்து, சூரிச் நகருக்கு அருகிலுள்ள டூபென்டோர்ஃபுக்கு ஒரு பழைய விமானம் புறப்பட்டது. 1939-இல் செய்யப்பட்ட யுங்கர்ஸ் 52 அது. மூன்று எஞ்சின்கள். தகரக் கூரை போல நெளிநெளியான உலோக உடல். ஜெர்மன் மொழி பேசுகிறவர்கள் இந்த விமானத்தைச் செல்லமாக ‘யூ அத்தை’ என்பார்கள். சுவிஸ் விமானப்படையில் பல பத்தாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றபின், ஆல்ப்ஸ் மலைகளைப் பார்க்க விரும்புவோரை ஏற்றிச் சென்றுவந்தது. அன்று அதில் 17 பயணிகள், இரண்டு விமானிகள், ஒரு பணியாளர். இரண்டு நாள் சுற்றுலா முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குச் சற்று முன், பிட்ஸ் செக்னாஸ் என்ற சிகரத்தின் அருகே, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் விமானம் விழுந்தது. 20 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

செய்தி கேட்டவுடன் நமக்கு என்ன தோன்றும்? 79 வயதான விமானம், அதனால்தான் விழுந்தது என்று தோன்றும். விமானத்தில் கறுப்புப் பெட்டி கிடையாது. விசாரணை அதிகாரிகள் ராடார் பதிவுகளையும், எடுக்கப்பட்ட படங்களையும் காணொளிகளையும் சேர்த்துவைத்து, இரண்டரை ஆண்டுகள் உழைத்து, 2021 ஜனவரியில் அறிக்கை தந்தார்கள். விமானத்தில் துருவும் வெடிப்புகளும் இருந்தன. பராமரிப்பில் குறைகள் இருந்தன. ஆனால் விபத்துக்குக் காரணம் அவை அல்ல என்றது அறிக்கை.

பின் எது காரணம்? மலைப் பள்ளத்தாக்குக்குள் விமானம் நுழையும்போது போதிய உயரம் வேண்டும். ஏதாவது நேர்ந்தால் திரும்பி வெளியேற இடமும் வேண்டும். அன்று இரண்டும் இல்லை. மலைமுகட்டைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கி அழுத்தும், சுழலும். அந்த இடத்தில் அது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். விமானத்தின் வேகமும் அந்த நிலைமைக்குப் போதவில்லை. பாரம் பின்பக்கம் அளவுக்கு மீறி இருந்ததால், கட்டுப்படுத்துவதும் கடினமாயிற்று. கட்டுப்பாட்டை இழந்த விமானத்தை மீட்க வேண்டிய உயரம் கீழே இல்லை.

விமானிகள் இருவரும் புதியவர்கள் அல்லர். அறுபது வயதைக் கடந்தவர்கள். விமானப்படையில் பயிற்சி பெற்று, பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஏன் அங்கே அவ்வளவு தாழ்வாகப் போனார்கள்? அன்புக்குரியவர்களே, அறிக்கையில் என் மனத்தைத் தைத்த பகுதி இதுதான். அது அன்று ஒரு நாள் நடந்த தவறு அல்ல. விதிகளை மீறித் தாழ்வாகப் பறப்பது, ஆபத்தை ஏற்றுக்கொள்வது, ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. முன்பு நடந்த பயணங்களின் பதிவுகளும் அதையே காட்டின. நிறுவனம் அதைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய அரசு அலுவலகமும் தடுக்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு முறையும் விமானம் பத்திரமாகத் திரும்பிவந்தது. பயணிகள் மகிழ்ச்சியோடு இறங்கிப் போனார்கள்.

இப்போது அத்திமரத்துக்கு வருவோம். மூன்று ஆண்டுகளாகக் கனியில்லை, வெட்டிவிடு என்கிறார் தோட்டக்காரரின் தலைவர். இந்த ஓராண்டு பொறுங்கள், நான் கொத்தி எருப்போடுகிறேன் என்று தோட்டக்காரர் கெஞ்சுகிறார். மரம் நிற்கிறது. நின்ற மரம் என்ன நினைத்துக்கொள்ளும்? ‘மூன்று ஆண்டு காய்க்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஒன்றும் ஆகாது’ என்று நினைத்தால், கொடுக்கப்பட்ட ஓராண்டும் வீண்தான். கிடைத்தது அவகாசம். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்வதுதான் அழிவின் தொடக்கம். அந்த மலைகளுக்கிடையே பத்திரமாக முடிந்த ஒவ்வொரு பயணமும், திருந்தச் சொல்லிக் கடவுள் கொடுத்த ஒரு ‘ஓராண்டு’. அதைத் தங்கள் திறமைக்குச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரங்களுக்கு முன், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, ஆலயத்தின் உச்சியில் நின்ற இயேசுவைப் பார்த்தோம். குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றது அலகை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று இயேசு மறுத்தார். நமக்கு அந்தச் சோதனை இவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. ‘நேற்றுத் தாங்கினார், இன்றும் தாங்குவார்’ என்று விசுவாசத்தின் வேடத்தில்தான் வரும். அதுவும் பிறர் உயிரை நம்மிடம் ஒப்படைத்திருக்கும்போது, அவர்களையும் சேர்த்துக் குதிக்க நமக்கு உரிமை இல்லை. அந்த 17 பேரும் ஜன்னலோரம் அமர்ந்து மலையைப் பார்த்தார்கள். எவ்வளவு உயரம் போதும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களை நம்பினார்கள்.

இறந்த விமானிகளைத் தீர்ப்பிட நாம் இங்கே கூடவில்லை. அவர்கள் நம்மைவிடப் பெரிய பாவிகள் அல்லர். ஆண்டவரே அப்படி நினைக்க வேண்டாம் என்கிறார். அதே வேளையில், ‘எல்லாம் விதி’, ‘கடவுள் சித்தம்’ என்று கைகழுவவும் வேண்டாம். மனிதர் திருத்தியிருக்கக் கூடிய தவறைக் கடவுளின் தலையில் ஏற்றுவது பக்தி ஆகாது.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறிய ஆன்ம சோதனை செய்வோம். ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்ற ஒரே காரணத்தால் நான் தொடரும் காரியம் எது? வளைவில் முந்துவதாக இருக்கலாம். தலைக்கவசம் இல்லாமல் பிள்ளையை முன்னால் உட்கார வைப்பதாக இருக்கலாம். நிறுத்திவிட்ட சர்க்கரை மாத்திரையாக இருக்கலாம். பொறுத்துக்கொண்டே இருக்கும் மனைவியிடம் நாள்தோறும் காட்டும் கோபமாகவும் இருக்கலாம். அடுத்து, யாருடைய தவறைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறேன்? தனியாக அழைத்து அன்போடு எடுத்துச் சொல்லும் சகோதரத் திருத்தம் நம் கடமை. கொத்துவது மரத்துக்கு வலிக்கும். ஆனாலும் கொத்துகிறவர் அதைக் காப்பாற்றத்தான் கொத்துகிறார்.

அந்த மலையில் இறந்த இருபது பேருக்கு நித்திய இளைப்பாற்றி வேண்டி, அவர்களை இழந்த குடும்பங்களுக்கு ஆறுதல் கேட்டு மன்றாடுவோம். நமக்குத் தந்திருக்கும் இந்த ஓராண்டை, அது எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியாத இந்த ஓராண்டை, கனி தரும் காலமாக மாற்ற இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.