சிரிப்பு மேடையும் ஒரு வகுப்பறைதான்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, சிரிக்கவே கூடாது என்று சபதம் எடுத்து எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு)

கல்லூரிகளிலே மாணவர்கள் நடத்துகிற நகைச்சுவைக் குழுக்கள் மாணவனை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா? வளர்க்கின்றன என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "படிக்க அனுப்பினா பல்லைக் காட்டிட்டுத் திரியறாங்க" என்றார். ஐயா, பல் டாக்டர்கிட்ட மட்டும்தான் பல்லைக் காட்டணும்னு சட்டமா போட்டிருக்கு? (சிரிப்பு)

நான் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். அங்கே வருகிற பிள்ளைகள் யார்? அப்பா லாரி ஓட்டுவாரு, தறி ஓட்டுவாரு, கோழிப் பண்ணையில வேலை பார்ப்பாரு. அந்த வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிற பிள்ளை. எழுந்து பேர் சொல்லச் சொன்னாலே வேர்த்துக் கொட்டும். "அப்பா என்ன பண்றாரு?"ன்னு கேட்டா தலை குனிஞ்சிடும்.

அப்படி ஒரு பையன். முதல் வருஷம் முழுக்க வாயே திறக்கலை. ஆண்டு விழாவுக்குச் சிரிப்புக் குழு ஆரம்பிச்ச சிநேகிதங்க அவனையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க. மைக் முன்னால நின்னு சொன்னான்: "எங்கப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஆயிரம் அடி போர் போடுறவருங்க. அவரு போர் போட்டா தண்ணி வரும். எங்க தமிழ் ஐயா ஒரு மணி நேரம் போர் போடுறாருங்க, தூக்கம்தான் வருது!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்தத் தமிழ் ஐயா யாருன்னு கேட்டுடாதீங்க! (சிரிப்பு) அடுத்ததா, "நாமக்கல்லுல முட்டைக்கா பஞ்சம்? பண்ணையில கோழி போடுது, பரீட்சையில வாத்தியாருங்க போடுறாங்க!" (சிரிப்பு)

நடுவர் அவர்களே, சிரிச்சாச்சு. உள்ளே இருக்கிற சேதியைப் பாருங்க. அப்பா தொழிலைச் சொல்லத் தலை குனிஞ்ச பிள்ளை, ஊரே கூடியிருக்கிற இடத்துல "எங்கப்பா ரிக் வண்டிக்காரரு"ன்னு தலை நிமிர்ந்து சொல்றான்! எந்தப் பாடப் புத்தகம் ஐயா இதைச் சொல்லிக் கொடுக்கும்? (கைதட்டல்)

இதனால் படிப்பு கெட்டுவிடுமா? கிரேஸி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர். 1972-இல், படிக்கிற காலத்திலேயே, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்காக நாடகம் எழுதினார். எஞ்சினியர் பட்டமும் வாங்கினார். தமிழ்நாட்டையே சிரிக்கவும் வைத்தார். திருச்சியில் பொறியியல் படித்த சிவகார்த்திகேயன், மிமிக்ரி மேடையிலிருந்துதானே சினிமாவுக்கு வந்தார்? இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'ஃபுட்லைட்ஸ்' என்ற மாணவர் நகைச்சுவைக் குழு 1883-லிருந்து நடக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாச்சு. கேம்பிரிட்ஜ் கெட்டா போச்சு?

எதிரணி அம்மையார் ஒன்று கேட்டார்கள்: "கறுப்பா இருக்கிற பொண்ணையும் குண்டா இருக்கிற பையனையும் மேடையில கேலி பண்றாங்களே, அது வளர்ச்சியா?" நியாயமான கேள்வி. இல்லைங்க, அது வளர்ச்சியே இல்லை. அது மைக் வைத்த ராகிங்! ராகிங்கைத் தடுக்க 1997-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. எளியவனை அழ வைத்து வலியவன் சிரித்தால் அதற்குப் பெயர் நகைச்சுவை அல்ல.

அதற்காக மேடையைப் பூட்டிவிடலாமா? நம்ம சேலம், தர்மபுரிப் பக்கத்துக் கூத்தைப் பாருங்க. கோமாளி யாரைக் கேலி பண்ணுவான்? கிரீடம் வைத்து வருகிற ராஜாவையே பண்ணுவான். அதோடு தன்னைத் தானே பண்ணிக்குவான். கீழே சாணித் தரையில் உட்கார்ந்திருக்கிற ஏழையும் ராஜாவைப் பார்த்துச் சிரிப்பான். அந்த இலக்கணத்தை நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க. கூட இருந்து திருத்துங்க. பெண் பிள்ளைகள் கையிலும் அந்த மைக்கைக் கொடுங்க; அப்புறம் எவன் கேலி பண்றான்னு பார்ப்போம்! (கைதட்டல்)

தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கக் கற்றுக்கொண்டவன், ஊர் சிரிக்குமே என்று ஒருநாளும் பயப்பட மாட்டான். மார்க் குறைஞ்சாலும் மனசு உடைஞ்சு போக மாட்டான். பெற்றவர்களுக்கு வேறென்ன வேணும்?

ஆகவே நடுவர் அவர்களே, கல்லூரிச் சிரிப்பு மேடை மாணவனை வளர்க்கிறது என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள். எதிரணித் தலைவரும் இப்போ சிரிச்சிட்டாரு. அதுவே பாதித் தீர்ப்பு! (சிரிப்பு, கைதட்டல்)