இழுக்கும் தண்டும் தாங்கும் சட்டமும்

லகாட்டில் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு நண்பர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பெரிய வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து, நடமாடும் வீடாக மாற்றியிருக்கிறார். இதை மோட்டார் ஹோம் என்கிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வேனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, கோயிலுக்கும் சந்தைக்கும் சின்னக் காரில் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகக் காரை வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல ஓர் இழுவைத் தண்டையும் வாங்கிவிட்டார். "அண்ணே, இதைக் காரில் எங்கே பொருத்துவது?" என்று ஒரு நாள் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையே இன்றைய பேச்சு.

காரின் நான்கு சக்கரங்களும் தரையில் உருள, வேறொரு வண்டி அதை இழுத்துச் செல்லும் முறை அமெரிக்காவில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. நமக்கு இது புதிதுபோலத் தோன்றலாம். ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்கள், டிராக்டரின் பின்னால் டிரெயிலர் போவதைப் பார்த்தவர்கள்தாமே? டிராக்டரும் கனத்த இரும்பு, டிரெயிலரும் கனத்த இரும்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு சிறிய பின். அந்தப் பின் தேய்ந்திருந்தால் மற்ற இரும்பெல்லாம் இருந்தும் பயனில்லை. இன்றைய பாடமும் அதுதான்.

தண்டைப் பற்றி யோசிக்கும் முன், காரை அப்படி இழுக்கலாமா என்று பார்க்க வேண்டும். தானியங்கி கியர் உள்ள பல கார்களில், கியர்ப் பெட்டிக்குள் எண்ணெயைச் செலுத்தும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சக்கரங்களை மட்டும் நெடுந்தூரம் உருள விட்டால் உள்ளே எண்ணெய் பாயாது. பெட்டி சூடேறிக் கெட்டுவிடும். கையால் கியர் மாற்றும் கார்கள் பலவற்றை நியூட்ரலில் வைத்து இழுக்கலாம். அதையும் காருடன் வந்த கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு விசை? 900 கிலோ எடையுள்ள காரைச் சமதரையில் மெதுவாக உருட்டப் பத்துப் பதினைந்து கிலோ அளவு இழுப்பே போதும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் மேட்டில் அது நூறு கிலோவைத் தாண்டும். குழியில் விழுந்து எழும்போதும், திடீரென்று பிரேக் போடும்போதும் வரும் அதிர்ச்சி இதைப்போல் பல மடங்கு. டிரெயிலர்க் கொக்கிகளுக்கு ஐரோப்பாவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரு வண்டிகளின் எடையையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 3,500 கிலோ வேன், 900 கிலோ கார் என்றால் விடை ஏறத்தாழ 716 கிலோ. பொறியியல் அளவில் சொன்னால் 7 கிலோநியூட்டன். கொக்கியில் 'டி' என்ற எழுத்துக்கு அருகே பொறித்திருக்கும் எண் இதற்குக் குறையக் கூடாது. நமக்கும் இது நல்ல வழிகாட்டி.

இந்த விசை தண்டோடு நின்றுவிடுவதில்லை. தண்டிலிருந்து தாங்கு தகட்டுக்கும், தகட்டிலிருந்து போல்ட்டுகளுக்கும், அங்கிருந்து காரின் அடிச்சட்டத்துக்கும் போகிறது. ஆகவே தேர்வை அடிச்சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். தண்டு கடைசியில் வரட்டும்.

காரின் முன்பம்பர் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். அதில் எதையும் மாட்டக் கூடாது. காருடன் தரும் திருகு வளையம், பழுதான வண்டியைச் சிறிது தூரம் மெதுவாக இழுப்பதற்கு மட்டுமே. நெடும்பயணத்துக்கு, அடிச்சட்டத்தின் இடம், வலம் ஆகிய இரு பக்கங்களையும் பிடிக்கும் தாங்கு தகடு வேண்டும். அந்தக் கார் வகைக்கென்றே செய்த தகடாக இருந்தால் நல்லது. சட்டம் உள்ளே குழலாக இருக்கும். அதைத் துளைத்துப் போல்ட்டை முறுக்கினால் சட்டம் நசுங்கிவிடும். ஆகவே குழலுக்குள் ஓர் இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி, அதன் வழியாகப் போல்ட்டைச் செலுத்த வேண்டும். பின்பக்கம் கனத்த தகடு வைக்க வேண்டும். சிறிய வாஷர் மட்டும் போதாது.

போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாமல் தாங்கும். அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 வரை, நிலையாக நீண்டுவிடாது என்று பொருள். துருப்பிடிக்காது என்பதற்காகப் பளபளக்கும் எவர்சில்வர் போல்ட்டை வாங்குபவர்கள் உண்டு. அதன் தலையில் ஏ2-70 என்று இருந்தால், அது 450 நியூட்டனிலேயே நீளத் தொடங்கலாம். மினுக்கு வேறு, வலிமை வேறு. தலையில் குறியே இல்லாத போல்ட்டைத் தொடவே வேண்டாம். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால், திரும்பப் பூட்டும்போது புதியதைப் போடுங்கள். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பரோ, தடித்த பெயிண்டோ இருக்கக் கூடாது. அவை நசுங்க நசுங்க முறுக்கு தளர்ந்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் சோதியுங்கள்.

இனி வேனின் பின்பக்கம். அங்கே உருண்டைக் கொக்கி இருந்தால் அதன் அளவைப் படித்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் உருண்டையும் உண்டு. ஒன்றே முக்கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும் சேர்ந்த, அதாவது 47.6 மில்லிமீட்டர் உருண்டையும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிய பூட்டைச் சிறிய உருண்டையில் மாட்டினால் பூட்டியதுபோலவே இருக்கும். ஒரு குழியில் துள்ளிக் கழன்றுவிடும். தண்டு ஏறக்குறைய மட்டமாகவும் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால், பிரேக் போடும்போது பின்னால் வரும் கார் வேனை மேலே நெம்பும், அல்லது அதன் அடியில் புகப் பார்க்கும்.

தண்டு எவ்வளவு நல்லதானாலும், இரண்டு காப்புச் சங்கிலிகளைக் குறுக்காகக் கீழே மாட்டுங்கள். பின் கழன்றாலும் தண்டின் முனை சாலையில் குத்தாமல் அவை ஏந்திக்கொள்ளும். தண்டை மாட்டிய அதே துளையில் சங்கிலியை மாட்டக் கூடாது. அந்த இடமே பிய்ந்து போனால் சங்கிலியும் சேர்ந்து போய்விடும் அல்லவா?

பிரேக்கையும் மறக்க வேண்டாம். எஞ்சின் நின்ற காரில் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். காருக்குத் தனித் துணைப் பிரேக் இல்லையென்றால் முழுச் சுமையும் வேனின் பிரேக்கின்மேல் விழும். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் நீண்ட சரிவை நினைத்துப் பாருங்கள். அங்கே நமக்கு முன்னும் பின்னும் பிறர் குடும்பங்கள் வருகின்றன. ஆகவே துளை போடும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு அனுமதி பெறுங்கள்.

நண்பரின் காருக்கு வருகிறேன். அது கையால் கியர் மாற்றும் கார். கையேடும் தடை சொல்லவில்லை. அடியில் படுத்து, சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பார்த்தோம். வலப்பக்கம் கணீரென்றது. இடப்பக்கம் சொத்தென்றது, துரு உதிர்ந்து கையில் விழுந்தது. நம் ஊர் மழை உள்ளே புகுந்து செய்த வேலை. அந்தச் சட்டத்தில் எத்தனை விலையுயர்ந்த தண்டை மாட்டினாலும் என்ன பயன்? நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தண்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, காரைப் பட்டறையில் விட்டார். சட்டம் சீராகும் வரை வேன் மட்டும் போய்வரும்.

பொருளை வாங்கிய பிறகு பொறுத்திருப்பது எளிதன்று. ஆனால் தாங்கும் இடம் உறுதியான பிறகே இழுக்கத் தொடங்க வேண்டும். அவர் செய்ததே சரி.