மாலைப் பயிலகத்துக்குச் சில கதையாட்ட நூல்கள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூலகத்துக்கு எவ்வெந் நூல்கள் வேண்டும் என்று கூறும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். தேர்வு வழிகாட்டிகளைப் பற்றிப் பிறர் கூறுவார்கள். நாங்கள் கூற வந்தது விளையாட்டு நூல்களைப் பற்றி. பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டா.

ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள். ஒருவர் கதை நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "இருண்ட மண்டபம், எதிரே மூடிய கதவு, என்ன செய்கிறாய்?" என்று நடத்துநர் வினவுவார். பிள்ளை தன் வாயால் விடை கூற வேண்டும். துணிந்த செயல் பலிக்குமா என்பதைத் தாயக்கட்டை தீர்க்கும். தாயம் என்றதும் தருமர் நினைவு வரும். இங்கே பணயம் இல்லை, நாட்டை இழப்பாரும் இல்லை.

எங்கள் இளமையில் பள்ளி நாடகங்களில் எங்களுக்குக் கிடைத்தது வாயிற்காப்போன் வேடமே. "ஆகட்டும் மன்னா" என்பதற்கு மேல் வசனம் இருந்ததில்லை. சென்ற ஆண்டு நம் மாலைப் பயிலகத்தில் இவ்விளையாட்டை நடத்திப் பார்த்தோம். வகுப்பில் வாய் திறவாத எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "கதவைத் தொறக்க மாட்டேனுங்க சார், உள்ளே ஆருன்னு மொதல்ல கேக்கறேனுங்க" என்றாள். அன்று முதல் அவள் அடங்கவில்லை.

இவ்வகையில் முதல் நூல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மெல்லிய மூன்று புத்தகங்கள், விலை 10 டாலர், முதலில் 1,000 படிகள். ஆசிரியர் இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், காப்பீட்டு நிறுவன வேலையை இழந்தபின் வீட்டு நிலவறையில் காலணி பழுதுபார்த்துக் குடும்பம் நடத்தியவர். அத்தொழிலைக் காட்டியே நம் பாட்டன்மாரை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆகையால் இச்செய்தியை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுகிறோம்.

இன்று அந்நூலின் புதிய பதிப்பு மூன்று பெருநூல்கள். ஒவ்வொன்றும் 50 டாலர் அளவு. நமக்கு வேண்டா. பழைய முறையிலேயே ஆடக்கூடிய, காசில்லாமல் பதிவிறக்கத்தக்க நூல்கள் உண்டு.

ஆனால் இலவசம் என்பதற்காகவே எடுத்துவிடக் கூடாது. 1981-ஆம் ஆண்டுப் பதிப்பில் குள்ளராய்ப் பிறந்தவருக்குக் குள்ளர் என்பதே தொழில்; வேறு வழியில்லை. அவ்விதிகளைச் செம்மையாக எடுத்தெழுதிய 'ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' என்னும் 2019-ஆம் ஆண்டு நூலின் அடிப்படைப் பகுதி இலவசமே, அமைப்பு தெளிவானது, ஆயினும் அதை நடத்துநர் படிக்க மட்டும் வைப்போம். கிறிஸ் கோனர்மனின் 'பேசிக் ஃபேன்டசி' பிறப்பையும் தொழிலையும் பிரித்துவிட்டது. அதற்கான 'மோர்கன்ஸ்ஃபோர்ட்' முதலிய துணைநூல்களும் இலவசம்; அச்சுப்படியும் அடக்க விலையையொட்டியே விற்கப்படுகிறது. எனினும் குள்ளர் மந்திரம் கற்கத் தடை அதிலும் உண்டு. கற்கத் தடை என்ற சொல் நமக்கு எதை நினைவூட்டும் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை.

எனவே எங்கள் முதல் பரிந்துரை யோகாய் கால் 2020-இல் வெளியிட்ட 'கெய்ர்ன்'. சிறிய நூல். அதில் வகுப்புப் பிரிவே கிடையாது. உடன் சுமக்கும் பொருளும் பட்டறிவுமே ஒருவரை ஆக்கும். மந்திர நூல் யார் கையில் இருக்கிறதோ அவரே மந்திரவாதி. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமையுடன் வெளியிடுவதானால் யாரும் மொழிபெயர்க்கலாம். இவையெல்லாம் ஆங்கில நூல்கள் என்பதே குறை. ஆகவே தமிழாக்கத்தை எங்களில் இருவர் தொடங்கியுள்ளோம். பட்டதாரி இளைஞர்கள் கை கொடுக்க வேண்டும்.

இருபது முகத் தாயக்கட்டைக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்டார். 1979 வாக்கில் அந்த அமெரிக்க நிறுவனத்துக்கே கட்டைகள் தட்டுப்பட்டபோது, எண்ணிட்ட அட்டைத் துண்டுகளையே பெட்டியில் வைத்து விற்றார்கள். பழைய திருமண அழைப்பிதழ்களைத் தந்தால் நாங்களும் வெட்டிக்கொள்வோம்; குலுக்க ஒரு டம்ளர் போதும். சங்கத்திடம் நாங்கள் வேண்டுவது ஜெராக்ஸ் செலவும், சனிக்கிழமை மாலைகளில் கூடத்துத் திறவுகோலும்தான்.