தொட்டி இருக்கு, குழாய் இருக்கு – ஆபத்துக்குத் திட்டம் எங்கே?

(ஒன்றிய அளவிலான விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

   

நாம் வழக்கமாக இங்கே கூடினால் காவிரித் தண்ணி, கொள்முதல் விலை, பயிர்க்கடன், இன்சூரன்ஸ் என்று பேசுவோம். இன்றைக்குப் பேச வந்திருப்பது வயலுக்குப் போகிற தண்ணியைப் பற்றி அல்ல. வீட்டுக்கு வருகிற தண்ணியைப் பற்றி. "அதான் தெனம் வருதே, இதுல பேச என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். தினம் வருகிறது, சரி. வராத நாளைக்கு என்ன செய்வது என்று நம் ஊராட்சியில் யாருக்காவது தெரியுமா? வருகிற தண்ணி கெட்டுப்போய் வந்தால் யார், எப்போது, எப்படி நமக்குச் சொல்வார்கள்? இதுதான் கேள்வி.

கஜா அடித்த மறுநாள்

2018 நவம்பர் 16 விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரை ஏறியது. தென்னை போச்சு, மா போச்சு, ஓட்டு வீடு, குடிசை எல்லாம் போச்சு. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அன்றைக்கு நமக்கு முதலில் தீர்ந்தது அரிசி இல்லைங்க, தண்ணி.

நிலத்துக்கடியில் தண்ணி இருந்தது. போர் இருந்தது, மோட்டார் இருந்தது, மேல்நிலைத் தொட்டியும் விழாமல் நின்றது. கரண்ட்டு இல்லை. அது ஒன்று இல்லாததால் மற்ற எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. சில ஊர்களுக்குக் கரண்ட்டு வர வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். ஒரு ஊர்த் தொட்டியை நிரப்பிவிட்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டிய நிலை. நம் தாய்மார்கள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று ஒடிந்து கிடந்த தென்னை மரங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க் கைப்பம்பில் வரிசை நின்றார்கள். அந்தக் கைப்பம்பிலும் பாதி, வருசக்கணக்கில் வாஷர் மாற்றாமல் கிடந்தவை.

அப்போது ஊரைக் காப்பாற்றியவர்களில் நம் விவசாயிகளும் உண்டு. டீசல் இன்ஜின் வைத்திருந்தவர் எடுத்துக் கொடுத்தார். டிராக்டர் வைத்திருந்தவர் அதில் டேங்க் கட்டி ஓட்டினார். நல்ல மனசால் நடந்த காரியம் அது. ஆனால் நல்ல மனசை மட்டும் நம்பி ஆயிரம் பேரின் தாகத்தை விட்டுவைக்கலாமா?

ஒரு ஆறு, ஒரு குழாய்

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் கடற்கரைப் பக்கத்து ஊர்கள் பலவும் கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீரை நம்பி இருக்கின்றன. உப்புத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மக்களுக்கு அது பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் குழாய்த் தண்ணி வந்ததும் ஊர்க் குளத்தை விட்டோம், பொதுக்கிணற்றில் குப்பை கொட்டினோம், பழைய போரை மூடினோம். ஒரே குழாயில் ஊர் உயிர் தொங்குகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஆற்றோரத்துக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்று நிலையங்களும் குழாய்களும் சேதமாயின. ஊரைச் சுற்றி வெள்ளம், குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லை. வெள்ளத்தில் தாகம் என்பது கதையில்லை. ஆற்றில் உறையும் மோட்டாரும் வைத்து, அதை ஒன்றையே நம்புகிற எந்த ஊருக்கும் நாளைக்கு இது வரும்.

தண்ணி வராதது ஒரு ஆபத்து என்றால், கெட்ட தண்ணி வருவது அதைவிடப் பெரிய ஆபத்து. வராவிட்டால் நமக்குத் தெரியும். கெட்டு வந்தால் தெரியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. எப்போது தெரிந்தது? குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு. நாடே தலைகுனிந்த சம்பவம் அது. அதற்குப் பிறகாவது நம் ஊர்த் தொட்டிகளின் ஏணிக்குக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறதா? மேல்மூடிக்குப் பூட்டு உண்டா? ஊர்த்தெருத் தொட்டி, காலனித் தொட்டி இரண்டுக்கும் ஒரே காவல், ஒரே பராமரிப்பு உண்டா? இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் நீங்களே நிமிர்ந்து பாருங்கள்.

கனடாவில் ஒரு சின்ன ஊர்

"இதெல்லாம் ஏழை நாட்டுப் பிரச்சினை" என்று சில அதிகாரிகள் சொல்லுவார்கள். அவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம்.

கனடா நாட்டில் ஒண்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு ஊர். சுமார் 5,000 பேர். சுற்றிலும் நம்மைப் போல விவசாயிகள், மாட்டுப் பண்ணைகள். 2000 மே மாதம் பெரிய மழை பெய்தது. வயலில் போட்டிருந்த சாணி எருவில் இருந்த கிருமி, ஆழம் குறைந்த ஒரு குடிநீர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. தண்ணியில் போதிய குளோரின் இல்லை. குளோரின் அளவைத் தினமும் பார்க்க வேண்டிய ஊழியர்கள் பார்க்காமலேயே நோட்டில் எழுதி வைத்தார்கள். தண்ணி கெட்டுவிட்டது என்று ஆய்வகம் சொன்ன பிறகும், பொறுப்பில் இருந்தவர்கள் சுகாதாரத் துறையிடம் சில நாள் மறைத்தார்கள். 7 பேர் செத்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள்.

விவசாயிகளே, இதை நன்றாகக் கேளுங்கள். எரு போட்ட விவசாயி மேல் பழி விழும் என்றுதானே நினைப்போம்? விசாரணை நடத்திய நீதிபதி டென்னிஸ் ஓ'கானர், அந்த விவசாயி முறையாகத்தான் தொழில் செய்தார், அவர் மேல் குற்றமில்லை என்று எழுதினார். குற்றம், பாதுகாப்பில்லாத இடத்தில் கிணறு வைத்ததில். கண்காணிக்காததில். பொய்க்கணக்கு எழுதியதில். மேலே இருந்து மேற்பார்வை பார்க்க வேண்டிய அரசு கைவிட்டதில். அதன் பிறகுதான் அந்த மாகாணம் 2002-ல் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. குடிநீர் ஊழியருக்கான பயிற்சி, சான்று விதிகள் கடுமையாயின.

அமெரிக்காவில் 2018-ல் ஒரு சட்டம் வந்தது. 3,300 பேருக்கு மேல் தண்ணி கொடுக்கும் ஒவ்வொரு குடிநீர் அமைப்பும், தனக்கு என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று ஆராய வேண்டும், அவசர காலத்துக்குத் திட்டம் எழுத வேண்டும், ஐந்து வருசத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அங்கேயும் பாருங்கள், 3,300-க்குக் கீழே இருக்கிற சின்ன ஊருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்த நாட்டிலும் சின்ன ஊர்தான் கடைசியில் நிற்கிறது. ஆளும் இல்லை, காசும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. ஆபத்து மட்டும் ஊரின் அளவைப் பார்த்து வருவதில்லை.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதன் வழிகாட்டி நெறிமுறையிலேயே கிராமக் குடிநீர்க் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப்பேர் பெண்கள், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணி பரிசோதிக்கப் பயிற்சி, ஊருக்கென்று செயல்திட்டம் எல்லாம் எழுதியிருக்கிறது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

நம் ஊரின் குடிநீர்த் திட்டம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம்ம தொட்டி ஆபரேட்டர் தலைக்குள்ளே இருக்கிறது. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, குழாய் எந்த வழியாகப் போகிறது, எங்கே சாக்கடையை ஒட்டிப் போகிறது, மோட்டாரை எந்த ஆழத்தில் இறக்கியிருக்கிறது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் என்றால் ஊருக்கே காய்ச்சல். அந்த மனிதருக்கு அற்பச் சம்பளம். புயல் அடிக்கிறபோது முதலில் வெளியே வர வேண்டியவர் அவர். அவர் கையில் ஒரு டார்ச் லைட்டாவது கொடுத்திருக்கிறோமா?

திட்டம் என்றால் என்ன?

ஏதோ இன்ஜினீயர்கள் மட்டும் எழுதுகிற பெரிய புத்தகம் என்று பயப்பட வேண்டாம். நாலு பக்க நோட்டு போதும். நாமே எழுதலாம்.

முதலில் கணக்கு. 400 குடும்பம், 1,600 பேர் இருக்கிற ஊர் என்று வையுங்கள். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 88,000 லிட்டர். ஆபத்துக் காலத்தில் குடிக்க, சமைக்க, கைகால் கழுவ ஆளுக்கு 15 லிட்டராவது வேண்டும். அப்படியானால் 24,000 லிட்டர். 30,000 லிட்டர் தொட்டியை ஒரு நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் ஊர் உயிர் பிழைக்கும். மோட்டார் நிமிஷத்துக்கு 200 லிட்டர் தள்ளினால் 24,000 லிட்டருக்கு இரண்டே மணி நேரம். ஆக நமக்குத் தேவை நாள் முழுக்கக் கரண்ட்டு அல்ல, இரண்டு மணி நேரம் ஓடுகிற ஒரு ஜெனரேட்டர். அது மோட்டாரின் குதிரைத்திறனுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட்டு இழுக்கும். கல்யாணத்துக்கு லைட் போடுகிற ஜெனரேட்டர் தாங்காது. எதில் மாட்டுவது, யார் மாட்டுவது என்பதைப் புயலுக்கு முன்னாலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, மாற்று நீர். ஊரில் உப்பில்லாத நல்ல போர் யார் யார் நிலத்தில் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். மழைக்கு முன்பே அந்தத் தண்ணியைப் பரிசோதியுங்கள். யூரியா போடுகிற வயல் ஓரத்துப் போரில் நைட்ரேட்டும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆகாது. காய்ச்சினாலும் அது போகாது. தண்ணி கொடுக்கிற விவசாயிக்கு டீசல் செலவை ஊராட்சி கொடுக்க வேண்டும். அதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

மூன்றாவது, மருந்து. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் பக்கத்துக் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும். பவுடர் மூட்டையைத் திறந்துபோட்டு ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். போன வருச மூட்டையைக் காட்டி "ஸ்டாக் இருக்கு" என்பது ஏமாற்று வேலை.

நான்காவது, சேதி சொல்வது. தண்ணி கெட்டது என்று தெரிந்தால் யார் வால்வை மூடுவது? யாரைக் கேட்டு? கலெக்டர் உத்தரவு வரும் வரை காத்திருப்பதா? ஆட்டோவில் மைக் கட்டி, கோயில், மசூதி, சர்ச் ஒலிபெருக்கியில், எல்லாத் தெருவுக்கும், காலனிக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். எழுந்து வர முடியாத முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கு யார் தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் பெயர் போட்டு எழுத வேண்டும்.

ஐந்தாவது, எந்த அதிகாரியும் எழுதாதது. நம் மாடு. ஒரு கறவை மாடு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 50 லிட்டர் வரை குடிக்கும். ஆளுக்கு 55 லிட்டர் என்று கணக்குப் போட்டவர்கள் மாட்டுக்கு எதுவும் வைக்கவில்லை. கஜாவில் மனுசன் குடத்தோடு நின்றபோது மாடு கட்டுத்தறியில் கத்திக்கொண்டு நின்றது. கால்நடைத் தொட்டியும், அதை நிரப்ப ஊர்க் குளமும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஊராட்சிக்கும், ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் குடிநீர் ஆபத்துக் காலத் திட்டம் எழுதுவதை அரசு கட்டாயமாக்கு! அதற்குத் தனி நிதி கொடு! ஊர் சின்னது என்று ஒதுக்காதே!

2. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு வருசமும் ஜெனரேட்டர், மோட்டார், வால்வு, கைப்பம்பு அனைத்தையும் மக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டு!

3. கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் உள்ளூர்க் கிணறு, குளம், போரைச் செப்பனிட்டு இரண்டாவது ஆதாரமாக வை!

4. தொட்டி ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி, பாதுகாப்புச் சாதனம், வாழ்வதற்கேற்ற சம்பளம், மாற்று ஆள் கொடு!

5. எல்லாத் தொட்டிக்கும் வேலி, ஏணிக் கதவு, பூட்டு போடு! தொட்டி கழுவிய தேதியையும் தண்ணி பரிசோதனை முடிவையும் பலகையில் எழுது!

6. கால்நடைகளுக்கான தண்ணீரையும் கணக்கில் சேர்!

தோழர்களே! தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் ஊராட்சியின் முதல் கடமை குடிநீர். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை உண்டு. அந்தச் சபையில் நூறு பேராகப் போய் உட்காருவோம். தீர்மானத்தை நாமே எழுதிக்கொண்டு போவோம். "அப்புறம் பார்க்கலாம்" என்றால், தீர்மான நோட்டில் ஏறும் வரை எழுந்திருக்க மாட்டோம். தீர்மானம் நிறைவேறியும் வேலை நடக்கவில்லை என்றால் காலிக்குடங்களோடு ஒன்றிய அலுவலகம் முன்னால் நிற்போம்.

மழை வரும் முன்னே வரப்பை வெட்டுகிறவன் விவசாயி. அந்தப் புத்தியைத்தான் அரசாங்கத்துக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். திரண்டு வாருங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!