தெரிந்துகொள்ள விருப்பமா?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)

1974-ல் என்னோடு பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, இன்று நரைத்த தலையோடும் வழுக்கைத் தலையோடும் வந்திருக்கும் நண்பர்களே, மாணவ மாணவியரே!

காலையில் வாசலிலேயே ஒரு நண்பன் பிடித்துக்கொண்டான். "மூளை ஆராய்ச்சி பண்ணினியாமே, எனக்கு இருக்கான்னு பார்த்துச் சொல்லேன்" என்றான். "இருந்தா நீ அன்னிக்கே பிசிக்ஸ்ல பாஸ் பண்ணியிருப்பியே" என்றேன். ஐம்பது வருடம் கழித்தும் இப்படிப் பேசுகிற உரிமை இந்த வளாகத்தில்தான் கிடைக்கும்.

என் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது ஆட்டு மூளையில் தொடங்கியது. முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது டியூபுலின் என்ற புரதம். நரம்பு செல்லின் நீண்ட கைகளுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழாய்கள் இந்தப் புரதத்தால் ஆனவை. அது மூளையில் ஏராளமாக இருக்கிறது. ஆனால் மூளை புதிதாக இருக்க வேண்டும். ஆகவே, விடியற்காலையில் ஐஸ் வாளியோடு ஆட்டுத்தொட்டிக்குப் போவேன். அங்கிருந்த பாய் ஒருநாள் கேட்டார், "என்ன தம்பி, தினமும் மூளையா வாங்குறீங்க? வீட்டுல யாருக்காவது பரீட்சையா?" பரீட்சை எனக்குத்தான் என்றேன்.

டியூபுலினுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. உரிய சத்துகளைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்தால் தானாகவே குழாயாகக் கட்டிக்கொள்ளும்; ஐஸில் வைத்தால் பிரிந்துவிடும். இப்படிச் சூடும் குளிரும் மாற்றி மாற்றிக் கொடுத்து, நடுவில் மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி, சுத்தமான புரதத்தைப் பிரிப்போம். பாதியில் கரண்ட் போனால் அன்றைய ஆடு வீணாக உயிரை விட்டதாக அர்த்தம்.

நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்: "பார்த்ததை எழுது, பார்க்க ஆசைப்பட்டதை எழுதாதே." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டினேன். அது போதாது என்று பிறகுதான் தெரிந்தது.

என்னைப் புரதத்திலிருந்து மனிதர்களின் மரபணுவுக்கு இழுத்தது ஹண்டிங்டன் நோய். 1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் விவரித்த நோய் இது. பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் தலைகாட்டும். கைகால்கள் தம் விருப்பத்துக்கு அசையும்; நடை தள்ளாடும்; கோபமும் சோர்வும் வரும்; நினைவு மங்கும். பதினைந்து, இருபது வருடங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வந்துவிட்டதால் தம்பி தப்பினான் என்று கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது.

நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் தாய் இந்த நோயால் 1978-ல் இறந்தார். மகள் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக்கு வருடந்தோறும் போனார். அங்கே தலைமுறை தலைமுறையாக இந்த நோயோடு வாழும் மிகப்பெரிய குடும்பங்கள் இருந்தன. அவர்கள் கொடுத்த ரத்தத்தின் துணையோடு, 1983-ல் ஜேம்ஸ் கசெல்லாவின் குழு, குற்றவாளி நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டியது. தெருவைக் கண்டுபிடித்தாயிற்று, இனி வீடுதானே என்று நினைத்தோம். அதற்குப் பத்து வருடம் ஆனது! ஆறு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து தேடி, 1993 மார்ச்சில்தான் மரபணு கிடைத்தது.

கோளாறு என்ன தெரியுமா? கீறல் விழுந்த ரிக்கார்டு. சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து அந்த மரபணுவில் திரும்பத் திரும்ப வருகிறது. 26 முறை வரை வந்தால் கவலையில்லை. 36-ம் அதற்கு மேலும் ஆபத்து. 40-ஐத் தாண்டினால், முழு ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும் என்று சொல்லலாம். ஒவ்வொரு சி.ஏ.ஜி.யும் புரதத்தில் ஒரு குளுட்டமினைச் சேர்க்கிறது. அந்த வால் நீளும்போது ஹண்டிங்டின் என்ற புரதம் உருக்குலைந்து நரம்பு செல்லைக் கெடுக்கிறது. எனக்கு இது பழகிய உலகம். புரதம் கெடுவதைப் பார்த்தவன். இப்போது அதன் காரணத்தை விரல் விட்டு எண்ண முடிகிறதே என்று துள்ளினேன். எங்கள் கூடத்தில் இந்தப் பரிசோதனையைத் தொடங்கினோம்.

இப்போது சொல்லப்போவதை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பேரும் ஊரும் இல்லாமல் சொல்கிறேன்.

1996-ல் ஒரு நரம்பியல் மருத்துவர் ஒரு குடும்பத்தை அனுப்பினார். தாய்க்கு நோய் முற்றியிருந்தது. சாமி வந்திருக்கிறது என்று ஒரு கோயில், பேய் பிடித்திருக்கிறது என்று இன்னொரு கோயில், குடித்துவிட்டு ஆடுகிறாள் என்று தெருவில் பேச்சு. எட்டு வருடம் அலைந்திருக்கிறார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்ததே பெரிய ஆறுதல் என்றார்கள். இரண்டு மகன்கள், நடுவில் ஒரு மகள். மூவரும் ஆராய்ச்சிக்கு மனமுவந்து ரத்தம் கொடுத்தார்கள்.

பரிசோதனை முடிந்தது. எக்ஸ்ரே பிலிமில் பட்டைகள் பளிச்சென்று விழுந்திருந்தன. மூத்தவருக்கு 17, 19. ஒரு குறையும் இல்லை. ஒரு மாதம் கழித்து அண்ணனும் தம்பியும் வேறு வேலையாக வந்தவர்கள் என்னை எட்டிப் பார்த்தார்கள். "ஏதாச்சும் தெரிஞ்சுதா சார்?" என்று அண்ணன் கேட்டார். நல்ல செய்தியை யார்தான் அடக்கி வைப்பார்கள்? "உங்களுக்கு இல்லை!" என்றேன். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுக் குலுங்கி அழுதார்.

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய எண்ணும் அதே நோட்டில், அதே பக்கத்தில் இருந்தது. "உங்களுது இன்னும் வரலை" என்றேன்.

"மூணு பேருக்கும் ஒரே நாள்லதானே சார் ரத்தம் எடுத்தீங்க?" என்றார்.

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அண்ணனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். இருவரும் போய்விட்டார்கள்.

நண்பர்களே, எனக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல முடியாது. ஹண்டிங்டன் குடும்பங்களின் சர்வதேசச் சங்கமும் உலக நரம்பியல் கூட்டமைப்பும் சேர்ந்து 1994-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தன. தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்த மனிதர் ஒருவரே. முன்கூட்டியே உட்கார்த்திப் பேச வேண்டும். வயது வராத பிள்ளைகளுக்குப் பரிசோதனை கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. அதன் நகல் என் மேஜை அறையில் கிடந்தது. பார்த்ததை எழுதக் கற்ற நான், எழுதியதை யாரிடம், எப்போது, அவர் கேட்ட பிறகுதானா சொல்வது என்று கற்கவில்லை. நல்ல முடிவை உடனே சொல்கிறவனின் மௌனமே கெட்ட முடிவாகிவிடும் என்று எனக்கு உறைக்கவில்லை.

அந்தத் தம்பி நாலு வருடம் வரவில்லை. நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை அவரே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒருநாள் வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார். நீங்க சொல்லாமலேயே சொல்லிட்டீங்க. அக்கா பிள்ளைங்க பெரிசாயிட்டு வராங்க. ஒருநாள் உங்ககிட்ட வருவாங்க. அவங்ககிட்டயாவது முதல்ல கேளுங்க, தெரிஞ்சுக்க விருப்பமான்னு" என்றார். போகும்போது சட்டைக் கையை மடித்து, "ஆராய்ச்சிக்கு வேணும்னா இன்னும் ரத்தம் எடுத்துக்கங்க" என்றார்.

அவர் 2013-ல் காலமானார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை எங்கள் கூடத்தில் மாறாத வழக்கம் ஒன்று இருந்தது. முடிவு சொல்லும் நாள் முதலிலேயே குறிக்கப்படும். ஒருவருக்குச் சொல்லும்போது இன்னொருவர் அறையில் இருக்க மாட்டார். வந்தவர், "வேண்டாம், போகிறேன்" என்று சொல்ல வாசல் கடைசி நிமிடம்வரை திறந்திருக்கும். அக்காவின் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் தெரிந்துகொண்டார், ஒருவர் வேண்டாம் என்றார். இரண்டும் சரியான பதில்களே. மரபணுவைத் தேடப் பாதை போட்ட நான்சி வெக்ஸ்லரே பரிசோதனை செய்துகொள்ளப் பல்லாண்டுகள் விரும்பவில்லை. தமக்கும் அந்த நோய் இருக்கிறது என்று 2020-ல்தான் வெளியில் சொன்னார்.

நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அசைவைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. கெட்ட புரதத்தைக் குறைக்கும் மருந்தின் பெரிய சோதனை ஒன்று 2021-ல் பாதியில் நின்றது. 2025-ல் மரபணு சிகிச்சையின் சிறிய சோதனை ஒன்றில் நோயின் வேகம் குறைந்ததாக அறிவித்தார்கள். சிறிய சோதனைதான், இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தத் தம்பியின் ஞாபகம்தான் வந்தது.

மாணவச் செல்வங்களே, இன்று நீங்கள் ஒரு வாரத்தில் படிக்கும் மரபணுக்களை நாங்கள் ஒரு ஆயுளில் படிக்கவில்லை. படியுங்கள், பார்த்ததை அப்படியே எழுதுங்கள். ஆனால் உங்கள் குழாயில் இருக்கும் ரத்தத்துக்கு ஒரு அண்ணன் உண்டு, ஒரு அக்கா உண்டு. வாயைத் திறக்குமுன் கேளுங்கள்: "தெரிஞ்சுக்க விருப்பமா?"