கடல் கடந்து வந்த அன்னையரும் கடல் கடந்து போகும் அம்மாக்களும்

(விடுதியில் தங்கிப் படித்த தம்பலகாமம் பழைய மாணவியர் சார்பில் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



தம்பலகாமத்திலிருந்து வந்து இக்கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்கள் சார்பில் சில வார்த்தைகள் பேசும்படி விழாக்குழுவினர் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். 1960களில் இங்கே இருந்த நாங்கள் ஏழு பேர் கூடியிருந்து இந்த உரையை எழுதினோம். ஒருவர் வாசிக்கிறார். மற்ற ஆறு பேரும் முன்வரிசையில் இருந்து பிழை பிடிக்கக் காத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல், ஆதி கோணநாயகர் கோயில், கல்லோயாவிலிருந்து திருமலைக்கு வரும் ரயில் நின்று போகும் சிறிய ஸ்டேஷன், அந்தப் பக்கம் குடாக்கடல். எங்களில் பெரும்பாலானோர் சைவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரும்போகம் நன்றாக விளைந்த வருடம் அப்பா விடுதிக் கட்டணத்தைக் காசாகக் கட்டுவார். விளையாத வருடம் ஒரு மூடை நெல்லோடு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அந்த நெல்லைச் சிஸ்டர்மார் ஒருநாளும் மறுத்ததில்லை.

அந்தச் சிஸ்டர்மார் எங்கிருந்து வந்தார்கள்? விடுதியில் இருந்த காலத்தில் நாங்கள் இதைக் கேட்டதில்லை. அவர்கள் மடத்துக் கட்டிடத்தோடு சேர்ந்தே அங்கே இருந்தவர்கள் என்பது போலத்தான் எங்களுக்குத் தோன்றியது. இலங்கைத் தமிழ்ப் பகுதிக்குக் கன்னியர்கள் வந்த கதை 1862இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. பிரான்ஸ் நாட்டு போர்தோ நகரின் திருக்குடும்ப சபையினர் அந்த வருடம் அங்கே வந்து இறங்கினார்கள். 1893இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து திருகோணமலை தனி மறைமாவட்டமானது. யேசு சபைக் குருமார் இங்கே பொறுப்பேற்றார்கள். 1920களில் மங்களூரிலிருந்து அப்போஸ்தலிக்கக் கார்மேல் சபைச் சகோதரிகள் கிழக்கிலங்கைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தச் சபையின் தொடக்கத்தை அறிந்தால் வியப்பாக இருக்கும். அதை நிறுவியவர் மதர் வெரோனிக்கா. 1823இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஓர் அங்கிலிக்கன் மதகுருவின் மகளாகப் பிறந்த ஆங்கிலப் பெண். பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, கன்னியாகி, கேரளத்தின் கோழிக்கோட்டில் சில காலம் பணி செய்தார். இந்தியப் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கவென்றே ஒரு சபை வேண்டும் என்று 1868இல் பிரான்சின் பயோன் நகரில் அதைத் தொடங்கினார். 1870இல் முதற் சகோதரிகள் மங்களூருக்குக் கப்பலேறியபோது அவர் கூட வரவில்லை. 1906இல் போ நகரத்துக் கார்மேல் மடத்தில் கண்மூடினார். தான் நட்ட மரத்தின் நிழலில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. நாங்கள் இருந்தோம்.

எங்கள் காலத்துச் சிஸ்டர்மாரில் பலர் மங்களூர்ப் பக்கத்தவர்கள், மலையாளத்தவர்கள். வெள்ளைக்காரிகள் அல்லாததால் அவர்களும் அந்நிய நாட்டில் இருப்பவர்கள் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. கொங்கணியும் மலையாளமும் பேசி வளர்ந்த அவர்கள் எங்களிடமே தமிழ் படித்தார்கள். புதிதாக வந்த ஒரு சிஸ்டர் முதலில் பிடித்துக்கொண்ட சொல் 'கெதியா'. "கெதியா குளி, கெதியா சாப்பிடு, கெதியா ஜெபி" என்று முற்றம் முழுக்கக் கேட்கும். கடைசிச் சொல்லை எங்கள் அப்பாமார் ஊரில் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போனது என்பதை இளைய தங்கைமாருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

விடிய நாலரைக்கு மடத்தில் மணி அடிக்கும். எங்களுக்கு ஐந்தரைக்கு. அந்த ஒரு மணி நேரம் மட்டுந்தான் அவர்களுக்கென்று இருந்தது, அதையும் கடவுளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பூசை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்கள் வருமட்டும் பூசை இலத்தீனில்தான் நடந்தது. எங்களைப் போலவே பல கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் அது விளங்கவில்லை என்பது எங்களுக்கு ஓர் ஆறுதல். பூசை முடிந்தால் கிணற்றடி. முப்பது பிள்ளைகளின் வாளி, முப்பது பிள்ளைகளின் சண்டை. பிறகு பாண், சம்பல் அல்லது கஞ்சி. எட்டு மணிக்கு அதே சிஸ்டர் வகுப்பறையில் சோக்கட்டியோடு நிற்பார்.

பின்னேரம் தையல், தோட்டம், படிப்பு. ஆறு மணிக்குத் திரிகால மணி. சனிக்கிழமை தலை பார்க்கும் நாள். தங்கள் கூந்தலை முக்காட்டுக்குள் மறைத்துவிட்ட பெண்கள் முப்பது தலைக்கு நல்லெண்ணெய் வைத்து, பேன்சீப்பால் வாரி, இரட்டைப் பின்னல் பின்னிவிட்டார்கள். இரவு செபத்துக்குப் பிறகு விடியுமட்டும் அவர்களுக்கு மௌனம், அது சபை ஒழுங்கு. ஆனால் லாம்பைப் பிடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாக எண்ணிவரும்போது ஒரு பிள்ளை அழுதால் அந்த மௌனம் கலையும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் இரவிரவாகக் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார்கள், நெற்றியில் ஈரத்துணி போடுவார்கள். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை அறிவித்தபோது, எங்கள் ஏழு பேருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஈரத்துணிதான்.

எங்களில் ஒருத்தி வெள்ளிக்கிழமைகளில் பூச ஊரிலிருந்து திருநீற்றுச் சரை கொண்டுவருவாள். மழைக்காலத்தில் அது கட்டிபட்டுப் போகிறதென்று கண்ட ஒரு சிஸ்டர், அதை வாங்கித் தன் அலுமாரியில் மூடியுள்ள போத்தலில் போட்டு வைத்து, வெள்ளி தோறும் எடுத்துக் கொடுத்தார். இதைப் பற்றி அவர் எதுவும் பேசியதில்லை.

இன்னொரு சிஸ்டருக்கு ஊரிலிருந்து ஒருநாள் தந்தி வந்தது. தாயார் இறந்துவிட்டார். அந்தக் காலத்து ஒழுங்குப்படி செத்தவீட்டுக்குப் போக முடியாது. அன்று அவர் கோயிலுக்குள் கனநேரம் இருந்தார். மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல எங்களுக்குத் தலை வாரினார். எங்களில் மிகச் சிறியவளுக்குப் பின்னி முடித்த பிறகும் சீப்பைக் கீழே வைக்காமல் அவளுடைய தலையில் கைவைத்தபடியே இருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. தாய் இல்லாத ஒருத்தி எங்களுக்குத் தாயாக இருக்கிறாள் என்பது மட்டும் அன்று எல்லோருக்கும் விளங்கியது.

இனிமையானவற்றை மட்டும் சொல்லி முடித்தால் அது நன்றி ஆகாது, முகஸ்துதியாகிவிடும். விடுதியில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தோம். கட்டணம் கட்டிய நாங்கள் ஒரு வகை. ஆதரவில்லாமல் வந்து சேர்ந்தவர்கள் மறு வகை. ஒரே சோறுதான், ஒரே குழம்புதான். ஆனால் நாங்கள் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் விறாந்தை கூட்டியவர்கள் அவர்கள். விடுமுறைக்கு நாங்கள் பெட்டியோடு ரயிலேறும்போது வாசலில் நின்று பார்த்தவர்களும் அவர்களே. அவர்களில் சிலருக்குத் தாயோ பேத்தியாரோ உயிரோடு இருந்தார்கள். இல்லாதது சோறுதான். 1964 மார்கழிச் சூறாவளி இப்பக்கத்தை அடித்தபோது நாங்கள் எங்கள் வீடுகளில் இருந்தோம். அந்தப் பிள்ளைகள் சிஸ்டர்மாரோடு கோயிலுக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். கதவு பறந்துவிடாமல் சிஸ்டர்மார் முதுகு கொடுத்து நின்றதாக ஜனவரியில் அவர்கள் சொன்னார்கள். அந்தக் கதையை வீரக்கதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களில் ஒருத்தி, "என்ர அம்மம்மா அந்த நேரம் எங்க இருந்திருப்பா?" என்று கேட்டாள். அதற்கு எங்கள் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. 1960, 1961ஆம் வருடச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்குப் போயின. போர் வந்தது. கிழக்கில் நான்கு தசாப்தங்களுக்கு மேல் பணிசெய்து, நம் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசு சபைக் குரு ஹேபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், உடன் சென்றவரோடு காணாமற்போனார். கடல் கடந்து பிள்ளைகளுக்காக வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை.

இனி நாங்கள் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம்.

இன்று தம்பலகாமத்தில் விடிய நாலரைக்கு எழும்பி, பிறர் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது இங்கேயல்ல. குவைத்திலும் சவூதியிலும் டுபாயிலும். சிஸ்டர்மார் வார்த்தைப்பாடு கொடுத்து, விரும்பிப் போனார்கள். இந்தத் தாய்மாரைக் கடன் அனுப்புகிறது. அவர்களுக்கும் செத்தவீட்டுக்கு வர முடிவதில்லை. அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் அம்மம்மாவோடு இருக்கிறார்கள். அம்மம்மாவுக்கோ கண் தெரியாது, கால் ஏலாது.

நூற்றாண்டு நினைவாக அந்தப் பிள்ளைகளுக்குத் தம்பலகாமத்தில் ஓர் இல்லம் கட்டுவோம், சிஸ்டர்மாரின் பெயரை அதற்கு வைப்போம் என்று சங்கத்தில் ஒரு யோசனை இருக்கிறது. நல்ல மனதோடு வந்த யோசனை. வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் காசும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த விடுதியில் வளர்ந்த நாங்கள் ஏழு பேரும் ஒருமித்துச் சொல்கிறோம், கட்டிடம் வேண்டாம்.

காரணம் இதுதான். பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிள்ளை வளர வேண்டிய இடம் குடும்பம் என்பது அதன் அடிப்படை. வறுமை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2009ஆம் வருட வழிகாட்டி சொல்கிறது. எங்களுக்கு இதைச் சொல்ல வழிகாட்டி தேவைப்படவில்லை. அம்மம்மா எங்கே என்று கேட்ட அந்தப் பிள்ளையின் முகம் போதும். கட்டில் போட்டால் அதை நிரப்பப் பிள்ளை தேடுவோம். அம்மம்மாவின் வீட்டு அடுப்பு எரிந்தால் அந்தக் கட்டில் தேவைப்படாது.

ஆகவே எங்கள் யோசனை நான்கு. முதலாவது, தாய் வெளிநாட்டிலுள்ள பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவுக்கு மாதாமாதம் ஓர் உதவித் தொகை. இரண்டாவது, பாடசாலை விட்டதும் ஆறு மணி வரை படிக்கவும் ஒரு நேரம் சாப்பிடவும் ஊரிலேயே ஓர் இடம். கோயில் மண்டபமானாலும் சனசமூக நிலையமானாலும் சரி. மூன்றாவது, பட்டணத்துக்கு வந்து உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஸ் காசு. நாலாவதுதான் முக்கியம். ஒரு பிள்ளைக்கு ஒரு பழைய மாணவி. கிழமைக்கு ஒருதரம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். காசோலையால் பேன் பார்க்க முடியாது.

இதற்குச் சைவம், வேதம், இஸ்லாம் என்ற பேதம் வேண்டாம். திருநீற்றைப் போத்தலில் வைத்துக் காத்த சிஸ்டரின் பிள்ளைகள் நாங்கள்.

எங்களில் ஏழு பேருக்கும் எழுபது கடந்துவிட்டது. இருவருக்கு முழங்கால் வருத்தம், ஒருவருக்குச் சீனி. இருந்தும் ஏழு பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த சனிக்கிழமை முதல் போகத் தொடங்குகிறோம். நாளைய பொதுக்கூட்டத்தில் இந்த யோசனை வாக்குக்கு வருகிறது. கை உயர்த்துபவர்கள் பெயர் தருவதற்கு வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பேனையும் இருக்கிறது.