அம்மாவின் பட்டுப்புடவை: கிராம் கணக்கா, புடவைக் கணக்கா?

இன்னைக்குப் பேசப் போறது உங்க வீட்டு பீரோவோட மேல் தட்டைப் பத்தி. பழைய வேட்டித் துணியில சுத்தி, அம்மாவோ பாட்டியோ முப்பது நாப்பது வருஷமா பத்திரமா வெச்சிருக்கிற காஞ்சிபுரம் பட்டுப்புடவை. அதை விக்கலாமா, வித்தா எப்படி விக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

விக்கிறதுல தப்பே இல்லைங்க. காலேஜ் ஃபீஸ் கட்டணும், ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு, இல்ல கட்டிக்க ஆளே இல்ல. எந்தக் காரணமா இருந்தாலும் சரி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டு வில்லுங்க. "பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்"னு போர்டு வெச்சிருக்கிற கடைகள்ல பெரும்பாலும் வாங்குறது புடவையை இல்ல, அதுக்குள்ள இருக்கிற வெள்ளியை.

எப்படின்னா, அசல் ஜரிகைங்கிறது பட்டு நூல் மேல தட்டையாக்கின வெள்ளிக் கம்பியைச் சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம் பூசினது. தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தோட கணக்குல 40 சதவீதம் வெள்ளி, 35.5 செம்பு, 24 பட்டு, 0.5 தங்கம். 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ பதிவான கணக்குல வெள்ளி 57 சதவீதம். நெசவாளர்கள் ஜரிகையை 'மார்க்'னு அளப்பாங்க. ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். அரை மார்க் புடவைன்னா 120 கிராம் ஜரிகை. 40 சதவீதம்னு வெச்சாலே 48 கிராம் வெள்ளி. 2025ல வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டினதுக்கு அப்புறம், இந்தக் கணக்கைப் போடாம கடைக்குப் போகாதீங்க.

எங்க பெரியம்மாவோட ஒரு புடவையை இப்படித்தான் வித்தோம். எடை போட்டார், பேசினார், பணம் எண்ணிக் கொடுத்தார். அடுத்த நிமிஷம் கத்தரிக்கோலை எடுத்துக் கரையைத் தனியா வெட்ட ஆரம்பிச்சார். பெரியம்மா ஒண்ணும் சொல்லல, வெளிய போய் நின்னுக்கிட்டாங்க. வெட்டின கரையை எரிச்சா பட்டு சாம்பலாயிடும், மிச்சத்தை உருக்கி வெள்ளியைப் பிரிச்சிடுவாங்க. அந்தக் கணக்குல நெசவுக்குக் கூலியே கிடையாது.

அதனால, தராசுக்குப் போறதுக்கு முன்னாடி புடவையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாருங்க. உடலும் கரையும் சேர்ற இடத்துல பல்லுப் பல்லா கோத்த மாதிரி இருந்தா அது கோர்வை. மூணு நாடா ஓட்டி, பக்கத்துல ஒரு ஆள் துணைக்கு உட்கார்ந்து நெய்யுற வேலை. கைத்தறியில இன்னைக்கு அதை நெய்யுறவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. அடுத்து, ஜரிகை இழை ஒண்ணு எங்கயாவது பிரிஞ்சிருந்தா உள்ள என்ன நிறம்னு பாருங்க. சிவப்புப் பட்டு நூல் தெரிஞ்சா பெரும்பாலும் நல்ல ஜரிகை. பிளாஸ்டிக் மாதிரி பளபளன்னு உரிஞ்சா, வெள்ளியை மறந்துடுங்க.

மடிப்புல ஜரிகை ஒடிஞ்சிருக்கா? ஒரே மடிப்புலயே வருஷக்கணக்கா வெச்சா ஒடியத்தான் செய்யும். ஒடியாம, பட்டும் கிழியாம இருந்தா, அதைப் புடவையாவே வாங்க ஆள் இருக்காங்க: பழைய டிசைன் தேடுறவங்க, சேகரிக்கிறவங்க, நெசவாளர்கள்கூட.

அவங்களுக்கு விக்கும்போது கதையும் சேர்த்துக் கொடுக்கணும். வெளிநாட்டுல பழைய மரப் பாய்மரப் படகை விக்கிறவங்களைப் பாருங்க. யார் கட்டினது, எந்த வருஷம், எப்போ வார்னிஷ் அடிச்சோம், எந்தப் பலகையை மாத்தினோம்னு ஒரு ஃபைலே வெச்சிருப்பாங்க. நல்லாப் பராமரிச்சதுக்கு அதுதான் சாட்சி. நம்ம வீட்டுலயும் அந்த ஃபைல் இருக்கு, கலைஞ்சு கிடக்கு. கல்யாண ஆல்பத்துல அதே புடவையில அம்மா, டிரங்குப் பெட்டியில கடை பில், "1983 ஆவணியில எடுத்தது"ன்னு பாட்டி வாய்மொழி. மூணையும் ஒண்ணா சேர்த்து வைங்க.

கடைசியில உருக்கத்தான் போகுதுன்னா, அதுக்கு முன்னாடி பகல் வெளிச்சத்துல நாலு போட்டோ: உடல், கரை, முந்தானை, பின்பக்கம். பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சு எடுங்க. அதைப் பார்த்து ஒரு நல்ல நெசவாளர் அந்தக் கரையைத் திரும்ப நெய்ய முடியும்.

பின்பக்க போட்டோவை எங்களுக்கும் அனுப்புங்க. கோர்வையா இல்லையான்னு அடுத்த எபிசோடுல சேர்ந்து பார்ப்போம்.